மூன்றாம் அறைக்கு ஒரு பயிற்சிப் பக்கம்

நெஞ்சு லேசானவர்கள் முதலிலேயே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், கண்ணுகளா. இந்தக் கதையில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பட்டப்பகலில், விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும் ஓர் அறையில், நல்ல மனசுக்காரி ஒருத்தி ஒரு பட்டனை அழுத்தச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. அதை நினைத்தாலே எனக்கு இன்னும் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது.

அவளை எல்லோரும் பேனல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மீனை உறையவைத்துக் கப்பலுக்கு அனுப்பும் குளிர்க்கிடங்கில் அவளுக்கு வேலை. நீளமான ஒரு நடை. அதன் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை இரும்புக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் உறைய வைக்கும் அறை. நடையின் கோடியில் கண்ணாடி போட்ட சின்ன கண்ட்ரோல் ரூம், அதில் பேனல் என்று அவர்கள் சொல்லும் ஒரு கணினி. எந்த அறையில் குளிர்க்காற்று விசிறி ஓடவேண்டும், எந்தக் கதவு மூடிப் பூட்டிக்கொள்ளவேண்டும், உள்ளே இருப்பவர் அழுத்தினால் ஆபத்து மணி அடிக்கலாமா கூடாதா, எல்லாம் அந்தக் கணினியில் திறக்கும் ஒரே பக்கத்திலிருந்துதான். வெளி இணையம் எதுவும் கிடையாது. கணினிக்குள்ளேயே ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் 'கிடங்கு' என்று அடித்தால் அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டும்.

அவள் புருஷனும் அங்கேதான் பெட்டி தூக்குகிறான். ஆள் ஒல்லிக்குச்சி. ஆனால் அந்தத் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தால் கரடி வருவது போலவே இருக்கும். அதனால் கரடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கரடியின் அக்காவுக்குக் கிளி என்று பெயர். ஏன் என்று கேட்காதீர்கள், இரண்டு வரி போனால் உங்களுக்கே தெரிந்துவிடும். கிளி அந்த வாரம்தான் அடுத்த ஷிப்டுக்குப் பேனல் வேலையில் சேர்ந்திருந்தாள். நாத்தனாருக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு தம்பி பொண்டாட்டியின் தலையில் விழுந்தது.

கிளிக்கு வாய்தான் பெரிசு. மவுஸைத் தொடவே பயம்.

"நான் பாட்டுக்கு எதையாவது தட்டி, அத்தனை மீனும் அழுகிப்போச்சுன்னா? என்னை வித்தாக்கூட கட்டாதும்மா."

"நீங்க நெஜத்தத் தொடவே வேணாம் அண்ணி. பழகறதுக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு வைக்கிறேன். அதுல நீங்க என்ன தட்டினாலும் ஒரு ஈ கூட அசையாது."

அப்படித்தான் பயிற்சிப் பக்கம் பிறந்தது. நிஜப் பக்கத்தை அச்சு அசலாக நகலெடுத்தாள். அதே நிறம், அதே பட்டன்கள், அதே கடவுச்சொல். ஆனால் பட்டன்களுக்குப் பின்னால் கம்பி எதுவும் இல்லை. அறையின் குளிர் மட்டும் பொய்யாக இறங்கும். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சரியாக ஒரு டிகிரி குறையும்படி அவளே எழுதியிருந்தாள்.

இனி ஒரே சர்வர் இரண்டு பெயருக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்கு வர்ச்சுவல் ஹோஸ்ட் என்று ஒன்று வைப்பார்கள். பயப்படாதீர்கள், ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பது மாதிரிதான். வாசல் ஒன்று. யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டு, அவரவர் பக்கம் அனுப்பிவைப்பார்கள். இதற்கு இரண்டு இடத்தில் சொல்லவேண்டும். 'பயிற்சி' என்ற பெயர் இந்தக் கணினியில்தான் குடியிருக்கிறது என்று ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதினால் பிரவுசருக்கு வழி தெரியும். இப்படி ஒரு குடித்தனம் புதிதாக வந்திருக்கிறது என்று சர்வரின் செட்டிங் ஃபைலில் எழுதினால் சர்வருக்குத் தெரியும். ஆனால் சர்வர் அந்த ஃபைலை நினைத்தபோதெல்லாம் படிக்காது. நிறுத்தி, மறுபடி ஓடவிட்டால்தான் படிக்கும்.

இன்னொன்றும் உண்டு. சர்வர் தனக்குத் தெரியாத பெயரைக் கேட்டு யாராவது வந்தால், அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று சொல்லாது. ஃபைலில் முதலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிடும். பேனல்காரிக்கு இது தெரியும். தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அவள் நிஜக் கிடங்கை முதலில் எழுதி, பயிற்சியை அதற்குக் கீழே எழுதினாள். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரை மேலே போடுவதில்லையா, அந்தப் பழக்கம்தான்.

பயிற்சியின் கடைசி வரியை அடிக்கப் போகும்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கரடி வந்தான்.

"அக்கா, இங்க ஏசி குத்தும். இந்தா, இத மாட்டிக்க."

கோட்டைக் கழற்றி அக்காவின் தோளில் போட்டான்.

"அய்யே, என்ன நாத்தம்டா! இந்த நாத்தத்தோட உம்பொண்டாட்டி எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ."

"பழகிடுச்சு அண்ணி," என்றாள் பேனல்காரி, திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி. சிரித்துக்கொண்டே, அந்தக் கடைசி வரியை அடிக்காமலேயே, ஃபைலைச் சேமித்தாள். "உங்களுக்குக் குளிராதாங்க?"

"மூணாம் ரூம்தான் நிறுத்தி வச்சிருக்கே. உள்ள உக்காந்து ஐஸ் சுரண்டுற வேலை. வேர்த்து ஊத்தும். பனியனே ஜாஸ்தி." போகிறபோக்கில் அக்காவின் தலையில் ஒரு தட்டு தட்டினான். "பாத்து தட்டுக்கா. கம்ப்யூட்டர் கடிக்கும்."

"போடா கரடி!"

அவன் போய்விட்டான். பேனல்காரியின் கை, சர்வரை நிறுத்தி ஓடவிடப் போயிருந்த கை, அந்தச் சிரிப்போடு பிரவுசருக்குப் போய்விட்டது. பிரவுசர் என்ற விருந்தாளிக்கு வழி சொல்லியாயிற்று, வீட்டில் இருக்கும் சர்வருக்குச் சொல்லவில்லை. 'பயிற்சி' என்று அடித்தாள். பக்கம் வந்தது. கடவுச்சொல் கேட்டது. கொடுத்தாள். மேலே பெயர் இருக்கும் இடத்தில் பயிற்சி என்றே இருந்தது. பக்கமும் அவள் நகலெடுத்தது போலவே இருந்தது.

இருக்காதா பின்னே? அதுதான் நிஜம்.

"மூணாம் ரூமையே எடுத்துப்போம் அண்ணி. நின்னுபோன ரூம ஓட விடறதுதான் மொத பாடம். முதல்ல ஆபத்து மணிய அமத்துங்க."

"எதுக்கு?"

"கதவு மூடறப்ப சும்மா சும்மா கத்தும். அதான் முதல்ல அமத்திக்கிறது. ஓட ஆரம்பிச்ச உடனே மறுபடி போட்டுடணும், மறக்கக் கூடாது."

கிளி ஒரு விரலை நீட்டி, சூடான தோசைக்கல்லைத் தொடுவது போல மவுஸைத் தொட்டாள். மணி அமர்ந்தது.

"இப்ப கதவப் பூட்டுங்க."

"உள்ள என் தம்பி இருக்கானேம்மா."

"இது பழகற பக்கம்தான அண்ணி. அவரையும் சேத்து உறைய வைங்க. ராத்திரி கொறட்டை இல்லாம நான் தூங்குவேன்."

கிளி விழுந்து விழுந்து சிரித்தாள். கதவு பூட்டிக்கொண்டது. சிரித்த கையோடு விசிறியையும் ஓடவிட்டாள். நடையில் எப்போதும் கம்ப்ரெஸர் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் இன்னொரு விசிறி சேர்ந்ததைக் காது பிரித்து அறியவில்லை.

கிளி ஒவ்வோர் அறையாகப் பெயர் சொல்லிப் பழகினாள். இது எதற்கு, அது எதற்கு என்று துளைத்தெடுத்தாள். பேனல்காரியும் பொறுமையாகச் சொன்னாள். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை என்பது வரைக்கும் பேச்சு போனது. கடைசியில் மூன்றாம் அறைக்குத் திரும்பினார்கள்.

"மைனஸ் பதினொண்ணு புள்ளி நாலு," என்று கிளி படித்தாள். "நல்லா இறங்குதே!"

பேனல்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். புள்ளி நாலா? அவள் புள்ளி வைத்து எழுதவே இல்லையே. மறுபடி பக்கத்தைப் புதுப்பித்தாள். மைனஸ் பன்னிரண்டு புள்ளி ஒன்று. முழுசாக ஒரு டிகிரி குறையவேண்டியது புள்ளி ஏழாகக் குறைகிறதே!

"அட ச்சே," என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சர்வர நிறுத்தி ஓடவிடவே மறந்துட்டேன் அண்ணி. அதான் அரைகுறையா எதையோ காட்டுது. இருங்க."

நிறுத்தினாள். பக்கம் வெளுத்தது. ஓடவிட்டாள். ஓடவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. செட்டிங் ஃபைலில் பிழை என்றது.

அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போதுதான், என் கண்ணுகளா, அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. சர்வர் புது ஃபைலை இன்னும் படிக்கவேயில்லை. அப்படியானால் 'பயிற்சி' என்ற பெயரே அதற்குத் தெரியாது. தெரியாத பெயரைக் கேட்டால் அது யாரைக் கொண்டுவந்து நிறுத்தும்?

முதலில் எழுதப்பட்டிருப்பவரை. நிஜக் கிடங்கை.

அவள் கை போனைத் தேடியது.

"என்னம்மா? ஏன் இப்படி வெளிறிப் போயிட்ட?"

பேனல்காரி போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். மணி போனது. போனது காதில் மட்டுமா? பக்கத்திலேயே, கிளியின் இடுப்போரம், கோட்டுப் பையிலிருந்து அவன் போன் கலகலவென்று அடித்தது.

கிளி அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு தம்பி பொண்டாட்டியைப் பார்த்தாள்.

"அண்ணி, நாம தட்டினது நெஜம். மூணாம் ரூமு. ஓடுங்க!"

கிளி ஓடினாள். கோட்டோடு, டம்ளரைத் தட்டிவிட்டு, செருப்பு ஒன்று நடுவழியில் கழன்று விழ ஓடினாள். கதவில் 'சுத்தம் செய்யப்படுகிறது' என்ற மஞ்சள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், அட்டையைக் கணினியால் பார்க்க முடியாதே. கதவடியில் ஒரு வாளி. வாளிக்குள் சோப்புத் தண்ணீரில், கதவை உள்ளிருந்து திறக்கும் இரும்புப் பிடி கிடந்தது. அதன் அடியில் உறைந்திருந்த ஐஸைச் சுரண்டுவதற்காக அவனே கழற்றி வெளியே வைத்திருக்கிறான்.

"பிடி வெளிய கெடக்கு!" என்று நடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "உள்ளேருந்து அவனால தொறக்க முடியாதும்மா! நீ தொற!"

வெளியிலிருந்து கையால் திறக்க ஒரு சாவி உண்டு. அது மேற்பார்வையாளரின் இடுப்பில் இருக்கும். அவர் லாரி எடை போடும் இடத்துக்குப் போயிருந்தார். சத்தம் கேட்டு வந்த ஒருவன் அவரைக் கூட்டிவர வெளியே பாய்ந்தான். இன்னொருவன் மின்சாரத்தை நிறுத்தலாமா என்று கேட்டான்.

"வேணாம்! வேணாம்!" பேனல்காரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அலறினாள். மின்சாரம் போனால் விசிறி நிற்கும், ஆனால் பூட்டுத் தண்டு விழுந்த இடத்திலேயே கிடக்கும். கணினியும் படுத்துவிடும். அப்புறம் சாவி வந்து சேரும் வரை அந்தக் கதவைத் திறக்க யாராலும் முடியாது.

ஆக, திறக்கவேண்டியவள் அவள்தான். திறக்கிற பக்கம் சர்வருக்குள் இருந்தது. சர்வரை அவளே நிறுத்தி வைத்திருந்தாள்.

செட்டிங் ஃபைலைத் திறந்தாள். சிவப்பு வரி ஓர் இடத்தைக் காட்டியது. அவள் தினமும் பார்க்கிற எழுத்துகள்தான். இப்போது எறும்பு ஊர்வது போல நெளிந்தன. எதைத் திறந்தோம், எதை மூடவில்லை என்று தேடினாள். கண் பார்த்தது, மூளைக்குள் எதுவும் இறங்கவில்லை. நடையில் கிளி பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியால் கதவை அடித்துக்கொண்டிருந்தாள். டங், டங், டங். அத்தனை கனமான கதவு அது. உள்ளே இருப்பவனுக்கு அது கேட்டிருக்குமா, தெரியாது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"பதில் இல்லம்மா! தம்பி! டேய்! தம்பி! பதிலே இல்ல!"

பேனல்காரியின் கையில் மவுஸ் வழுக்கியது. உள்ளங்கை அவ்வளவு வேர்த்திருந்தது. ஒரு வரி சேர்த்தாள், ஓடவிட்டாள். சிவப்பு. அதை அழித்தாள். வேறோர் இடத்தில் சேர்த்தாள். சிவப்பு. உள்ளே இருக்கும் குளிர் இப்போது எவ்வளவு என்று பார்க்கக்கூட வழியில்லை. பார்க்காததால் மனசு தானாகவே எண்களை இறக்கிக்கொண்டே போனது.

பனியனோடு போனான். வேர்வையோடு போனான். ஈர உடம்பில் அந்தக் காற்று.

அப்போது அவள் செய்ததை நினைத்தால் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்தாள். புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். 'சரி பண்ண வேணாம்டி, தூக்கிப் போடு' என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொன்னாள். பயிற்சி தொடங்கும் இடத்திலிருந்து ஃபைலின் அடி வரைக்கும், அவள் அன்று காலையில் எழுதிய அத்தனையையும் ஒரே இழுப்பில் இழுத்து அழித்தாள். நிஜக் கிடங்கு மட்டும் தனியாக நின்றது. சேமித்தாள். ஓடவிட்டாள்.

பச்சை.

'கிடங்கு' என்று அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. தப்பு என்றது. ஐயோ. ஒவ்வோர் எழுத்தாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல நிதானமாக அடித்தாள். பக்கம் திறந்தது. மூன்றாம் அறை, மைனஸ் இருபத்தாறு. விசிறி நிறுத்து. கதவு திற.

நடையில் தண்டு உருளும் ஓசை கேட்டது. கொக்கி அடிப்பது நின்றது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

கதவு திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு தரையாக வழிந்து வந்தது. புகைக்குள்ளே கிளி ஏற்கெனவே போயிருந்தாள். கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியின்மேல், விசிறிக்கு முதுகு காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு கரடி உட்கார்ந்திருந்தான். புருவமும் மீசையும் வெளுத்திருந்தன. கண் திறந்திருந்தது. அசையவில்லை.

பேனல்காரி அந்தக் கண்ணைப் பார்த்தபடி நின்றாள். ஓடி வந்த வேகமெல்லாம் வாசலோடு போய்விட்டது. ஒரு காலை எடுத்து வைக்க முடியவில்லை. கிட்டே போய்த் தொட்டால் தெரிந்துவிடும் அல்லவா, அதற்குப் பயம்.

கண் இமைத்தது.

"இருக்கான்மா! இருக்கான்! பிடி, காலப் பிடி!"

இரண்டு பெண்களும், வந்த ஆள்களும் சேர்ந்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். கிளி கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி, அதன்மேல் தானும் விழுந்து கட்டிக்கொண்டாள். அவன் கையைத் தேய்க்கப் போன மனைவியை முதலுதவி அறை நர்ஸ் ஓடிவந்து தடுத்தாள். "தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சிடும். ஈர பனியனக் கழட்டுங்க. போர்வை கொண்டாங்க. ஆம்புலன்ஸ் வருது."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நடுங்குவது நல்லது என்று நர்ஸ் சொன்னாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பல்லுக்கு நடுவில் அவன் ஏதோ சொல்ல முயன்றான்.

"பேசாதடா, பேசாத," என்றாள் கிளி.

"ஏங்க," மனைவியின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "கதவத் தட்டக் கூடாதா? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"மணிய அழுத்தினேன்," என்றான். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு. "அடிச்சிருக்கும்னு நெனச்சேன். நீதான பேனல்ல இருக்க. பாத்துருவன்னு... உக்காந்துட்டேன். தட்டினா... மூச்சு வீணாப் போகும்ல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகு பயம் போயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் பேனல்காரிக்கு நிஜமான பயம் வந்தது. கதவு பூட்டி, விசிறி சுழன்று, மீசை உறைகிற வரைக்கும், அவள் இருக்கிறாள் என்று ஒரு மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். அந்த நேரம் முழுக்க அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

சாவியோடு மூச்சிரைக்க வந்த மேற்பார்வையாளர், "யாரு ஓட விட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் தட்டினேன்," என்று கிளி எழுந்து நின்றாள்.

"இல்ல சார். தட்டச் சொன்னது நான்," என்றாள் பேனல்காரி. பிறகு எந்தப் பெயருக்கு சர்வர் யாரைக் கொண்டுவந்து நிறுத்தும் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவருக்குப் பாதி புரியவில்லை. மீதிப் பாதி புரிந்ததில் அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கரடி பிழைத்தான். இரண்டு கால் விரல் கறுத்து, தோல் உரிந்து, ரொம்ப நாள் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தான். கிடங்கில் எல்லாக் கதவிலும், எந்தக் கணினியையும் கேட்காமல் வெளியிலிருந்தே திறக்கிற இரும்புப் பிடி வைத்தார்கள். பயிற்சிக்கென்று வேறொரு பழைய கணினி வாங்கி மேசையின் மறுகோடியில் போட்டார்கள். அதிலிருந்து எந்த அறைக்கும் ஒரு கம்பிகூடப் போகாது. பேனல்காரியே மேசைக்கடியில் தவழ்ந்து, அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஒரு தடவை பார்த்தால் போதும்தான். அவள் நாற்காலியில் ஏறி உட்காருவாள், மறுபடி இறங்கித் தவழ்வாள்.

ஆனாலும் முதல் பாடம் நடக்கவில்லை. மூன்றாம் அறை என்று எழுதிய பட்டனுக்குமேல் அம்புக்குறி நிற்கும். விரல் இறங்காது.

"கம்பியே இல்லம்மா. நீதான சொன்ன," என்றாள் கிளி.

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா அழுத்து."

"முடியல."

கிளி இடுப்பில் கை வைத்து அவளையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடையில் இறங்கிப் போனாள். அன்றும் மூன்றாம் அறை நின்றுதான் இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போய், அறையின் நடுவில் நின்று, வாயில் கையைக் குவித்துக் கத்தினாள்.

"நானே உள்ள நிக்கிறேன்! இப்ப அழுத்து! ஒண்ணும் ஆகாதுன்னு அப்பவாவது நம்புவ!"

"வெளிய வாங்க அண்ணி!" பேனல்காரி நாற்காலியிலிருந்து எகிறி எழுந்தாள். "விளையாடாதீங்க! வெளிய வாங்க!"

"அழுத்துடின்னா!"

"மாட்டேன்! நீங்க வெளிய வர வரைக்கும் மாட்டேன்!"

அந்தக் குரலில் அழுகை இருந்தது. கிளிக்கு அது கேட்டிருக்கவேண்டும். எதிர்ப்பேச்சுப் பேசாமல் வெளியே வந்தாள். கதவை விரியத் திறந்து, மரப்பலகை ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்தாள். நடை நெடுக நடந்து வந்து, கண்ணாடிக்கு எதிரே, முகம் முழுசாகத் தெரியும்படி நின்றாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். இங்கேதான் இருக்கிறேன், பார்.

பேனல்காரி அவளைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே, விரலை இறக்கினாள்.